இருட்டிலும் பேச எங்களுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் கொடுங்கள்

பெறுநர்: அலைக்கற்றை ஒதுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள், 2027-ல் கூடவிருக்கும் உலக வானொலித் தொடர்பு மாநாட்டுக்குப் போகும் பேராளர்கள்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

புயல் அடித்த ஓர் இரவு. மணி இரண்டரை இருக்கும். மின் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் துணைமின் நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. எங்கள் திரையில் சிவப்பு என்றால் பிரேக்கர், அதாவது லைனை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச், மூடியிருக்கிறது, லைனில் மின்சாரம் இருக்கிறது. பச்சை என்றால் திறந்திருக்கிறது. சாம்பல் என்றால், ‘கடைசியாக எனக்கு வந்த தகவல் இதுதான், இப்போதைய நிலவரம் எனக்குத் தெரியாது’ என்று திரையே கைவிரிக்கிறது. பச்சையையும் சிவப்பையும் பார்த்துப் பதறாதவர்கள்கூட அந்தச் சாம்பலைப் பார்த்தால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள்.

அறுந்து விழுந்த கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் ஒருவர் கம்பத்தடியில் நின்றிருந்தார். லைனை அணைத்தாயிற்று என்று கட்டுப்பாட்டு அறை சொல்லாமல் அவர் ஏறமாட்டார். ஏறவும் கூடாது. அணைக்கச் சொல்லி ஆணை அனுப்பியிருந்தோம். அது போய்ச் சேர்ந்ததா, பிரேக்கர் திறந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. முன்னிரவு வரை கைபேசியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தப் பகுதி கைபேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசியில் இளநிலைப் பொறியாளர் ஒருவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றித் துணைமின் நிலையத்துக்குப் போனார். பிரேக்கரின் பக்கவாட்டில் ‘திறப்பு’, ‘மூடல்’ என்று காட்டும் உள்ளங்கை அளவுத் தகடு ஒன்று இருக்கும். டார்ச் அடித்து அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வழியில்லாததால் அதே பாதையில் திரும்பி வந்தார்.

பிரேக்கர் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. அது திறந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்ள அன்றைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு மனிதர் மழையில் நின்றார். அவருக்குப் பின்னால் பல ஆயிரம் வீடுகள் இருட்டில் இருந்தன.

நான் மின் நிறுவனம் ஒன்றின் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மின்சாரத்தை அனுப்புவது என் வேலையாக இருந்ததில்லை. மின்சாரம் அனுப்புகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வழி செய்வதுதான் என் வேலை. ஒரே ஒரு விஷயத்துக்காக உங்களுக்கு எழுதுகிறேன். மின்தொகுப்புக்கென்று, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, வேறு யாரோடும் முட்டிமோதத் தேவையில்லாத சிறிய அலைக்கற்றைத் துண்டு ஒன்று வேண்டும். அனுப்ப 3 மெகாஹெர்ட்ஸ், வாங்க 3 மெகாஹெர்ட்ஸ். முடிந்தால் ஐந்தும் ஐந்தும்.

மின்கம்பியில் மின்சாரம் ஓடுவது எல்லாருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே பேச்சும் ஓடுகிறது என்பது மின்துறைக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது. உயரழுத்த லைன் ஒன்றின் இரு முனைகளிலும் பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் இரண்டு ரிலேக்கள் இருக்கின்றன. ‘என் பக்கம் இவ்வளவு மின்னோட்டம் நுழைகிறது, உன் பக்கம் எவ்வளவு வெளியேறுகிறது?’ என்று அவை இடைவிடாமல் கேட்டுக்கொள்கின்றன. கணக்கு இடித்தால் நடுவில் எங்கோ கசிவு, உடனே துண்டிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. இந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் ஏறக்குறைய அந்தக் காலத்துக்குள் முடிந்தாக வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் இதுபோல ஐந்தாறு உரையாடல்கள் நடந்துவிடும். இதற்கு ஆப்டிக்கல் ஃபைபரும், கோபுரத்துக்குக் கோபுரம் நேராகப் பேசும் மைக்ரோவேவ் ரேடியோ இணைப்பும் தேவை. நான் கேட்கும் 6 மெகாஹெர்ட்ஸால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதையும் சேர்த்துச் சொன்னால் கோரிக்கைக்கு எடை கூடும்தான், ஆனால் உண்மையாக இருக்காது.

எனக்குக் கவலை அதற்குக் கீழே இருக்கும் அடுக்கைப் பற்றி. துணைமின் நிலையத்திலிருந்து தெருக்கோடி வரை போகும் விநியோக வலையில் உள்ள ஸ்விட்சுகள், கம்பத்தின் மேல் தானாகத் திறந்து தானாக மூடும் ரீகுளோசர்கள், மின்னழுத்தத்தைச் சரிக்கட்டும் கெப்பாசிட்டர் தொகுதிகள், டிரான்ஸ்பார்மர்களில் மாட்டிய உணரிகள், வீட்டு மீட்டர்கள், கூரைமேல் சூரியத்தகடுகளின் மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர்கள். ஒரு காலத்தில் மின்சாரம் ஆற்றுநீர் மாதிரி மேலிருந்து கீழே ஒரே திசையில் வந்தது. கீழே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம். இப்போது நண்பகலில் கூரைகளிலிருந்து மேல்நோக்கி ஓடுகிறது, சாயங்காலம் மறுபடி கீழ்நோக்கி.

ஜெர்மனிக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. தொகுப்பின் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் உடனே அணைந்துவிட வேண்டும் என்று அங்கே சூரிய இன்வெர்ட்டர்களுக்கு விதி வைத்திருந்தார்கள். தகடுகள் கொஞ்சமாக இருந்தவரை பாதகமில்லை. கூரைகள் நிறைந்த பிறகுதான், எல்லாம் ஒரே கணத்தில் அணைந்தால் தொகுப்பே ஆட்டம் காணும் என்று உறைத்தது. ஏற்கெனவே மாட்டிய இன்வெர்ட்டர்களைத் தேடிப் போய் மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. ஒரு செய்தி அனுப்பி மாற்றியிருக்கக்கூடிய விஷயம், ஆள் அனுப்பிச் செய்யும் வேலையாகிவிட்டது.

பக்கத்தில் போய்ப் பார்க்க இன்னோர் உதாரணம். 9 மீட்டர் உயரத்தில் போகும் கம்பி அறுந்தால் தரையைத் தொட ஏறக்குறைய 1.4 நொடி ஆகும். பள்ளிக்கூட இயற்பியல் கணக்குத்தான், போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அறுந்த கம்பி உயிரோடு காய்ந்த புல்லில் விழுந்தால் காட்டுத்தீ. ஈரத்தரையில் விழுந்தால் அந்த வழியாக வருகிறவரின் உயிர். கலிபோர்னியாவில் சான் டியேகோ வட்டாரத்து மின் நிறுவனம் ஒரு வேலை செய்திருக்கிறது. லைன் நெடுகிலும் மின்னழுத்தத்தை நொடிக்குப் பலமுறை அளக்கும் கருவிகளை வைத்து, அந்த அளவுகளை ரேடியோ வழியே ஓரிடத்தில் சேர்த்து, கம்பி அறுந்ததைக் கண்டுபிடித்து, அது தரையைத் தொடுவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்துகிறது. கம்பி விழும்போது செத்த கம்பியாக விழுகிறது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ரேடியோ இணைப்பு. பக்கத்து மைதானத்தில் பத்தாயிரம் பேர் விளையாட்டைக் கைபேசியில் நேரலை செய்கிறார்கள் என்பதற்காக அந்தச் செய்தி 3 நொடி தாமதமானால், கம்பி தரையில் கிடக்கும்.

அப்புறம், இதையெல்லாம்விடப் பழைய சங்கடம் ஒன்று. தொலைத்தொடர்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குத் தொலைத்தொடர்பு வேண்டும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நிற்கும் கதை.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயின் நேரம் மதியம் 12.33-க்கு ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாடுகளின் பெருநிலப்பகுதியும் சில நொடிகளில் இருண்டன. கைபேசிக் கோபுரங்கள் பேட்டரிக்கு மாறின. பிற்பகல் நகர நகர அவை வரிசையாக மௌனமாயின. மக்கள் கடைகளில் பேட்டரி போட்டுக் கேட்கும் சின்ன ரேடியோப் பெட்டிகளைத் தேடி அலைந்தார்கள். அதே மணி நேரங்களில்தான் மின் பொறியாளர்கள் முழு இருட்டிலிருந்து தொகுப்பைத் தட்டியெழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? வெளி மின்சாரம் இல்லாமலே தன்னைத் தானே கிளப்பிக்கொள்ளத் தெரிந்த நிலையம் ஒன்றைத் தேடுவார்கள். பெரும்பாலும் அது நீர்மின் நிலையமாக இருக்கும். அது ஓடத் தொடங்கியதும் ஒரு லைனுக்கு மட்டும் உயிர் கொடுப்பார்கள். அந்த லைனின் மறுமுனையில் ஒரு சிறு பகுதிக்கு மின்சாரம் கொடுப்பார்கள். அதிகமாகக் கொடுத்துவிட்டால் அதிர்வெண் சரிந்து, கிளப்பிய நிலையமும் படுத்துவிடும். குறைவாகக் கொடுத்தால் மின்னழுத்தம் எகிறும். அதனால் ஒவ்வோர் அடியையும் இரண்டு பக்கமும் பேசிப் பேசித்தான் வைக்க வேண்டும். ‘மூடலாமா?’ ‘இன்னும் இரண்டு நிமிடம் பொறு.’ ‘இப்போது மூடு.’ ‘மூடியாயிற்று, 49.8-க்கு இறங்கி நிற்கிறது.’ இப்படியே மணிக்கணக்கில். ஸ்பெயினில் தொகுப்பு முழுவதும் மீள மறுநாள் விடியற்காலை ஆனது. இந்தப் பேச்சுக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழி, நாம் கிளப்பப் போகும் மின்சாரத்தையே நம்பி இருக்கக் கூடாது.

இருட்டு ஒரு நாளில் தீர்ந்தால் அது நல்ல கதை. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்ட பிறகு, அந்தத் தீவின் கைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 வேலை செய்யவில்லை. மின் இணைப்பு முழுவதும் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் பிடித்தது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். பொதுக் கைபேசி வலையே இவ்வளவு பரந்து கிடக்கிறதே, அதில் மின்துறைக்கு ஒரு தனி வரிசை ஒதுக்கிக் கொடுத்தால் போதாதா? 5ஜியில் அதற்கு வசதியும் இருக்கிறதே? பல கூட்டங்களில் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்களும் அல்ல.

தனி வரிசை நெரிசலுக்குத்தான் மருந்து. கோபுரமே படுத்துவிட்டால் முதல் வரிசை, கடைசி வரிசை எல்லாம் ஒன்றுதான். கைபேசி நிறுவனம் தன் கோபுரங்களில் சில மணி நேரத்துக்குத்தான் பேட்டரி வைக்கிறது. அதன் வியாபாரத்துக்கு அது போதும். நான் அதைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கோ நாள் கணக்கில் தாங்க வேண்டும். அந்தக் கூடுதல் பேட்டரிக்கும் டீசல் ஜெனரேட்டருக்கும் காசு செலவழிக்கக் கைபேசி நிறுவனத்துக்கு ஒரு காரணமும் இல்லை. ஒப்பந்தத்தில் அபராதம் எழுதிக்கொள்ளலாம், வாஸ்தவம். இணைப்பு அறுந்த மறுமாதம் அந்தத் தொகை கணக்கில் வரவு வைக்கப்படும். கம்பத்தடியில் நிற்கிறவருக்கு அதனால் என்ன?

கோபுரம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கைபேசி வலை மனிதர்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். மின்கம்பிகள் மனிதர்களே இல்லாத மலைச்சரிவிலும் காட்டிலும் நடக்கின்றன, பழுதும் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று ஆயுள். துணைமின் நிலையத்தில் ஒரு கருவியை மாட்டினால் 20, 30 ஆண்டு இருக்கும் என்று நம்பித்தான் மாட்டுகிறோம். கைபேசித் தொழில்நுட்பத்தில் பத்தாண்டுக்கு ஒரு தலைமுறை. 2022-ல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடியபோது அதை நம்பியிருந்த மீட்டர்களும் கருவிகளும் ஊமையாயின அல்லது அவசர அவசரமாக மாற்றப்பட்டன. பிரிட்டனின் கதை இன்னும் தெளிவு. அங்கே ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தில் வடபகுதிக்கு 400 மெகாஹெர்ட்ஸ் அருகே தனி நெடுந்தூர ரேடியோ, மத்தியப் பகுதிக்கும் தெற்குக்கும் 2ஜி, 3ஜி கைபேசி வலை என்று பிரித்தார்கள். 2033-க்குள் 2ஜியையும் 3ஜியையும் மூடிவிடுவதாக முடிவாகியிருக்கிறது. அந்தக் காலக்கெடுவுக்குள் கைபேசி வலையை நம்பிய வீடுகளில் ஏறி இறங்கி மீட்டரின் தொடர்புப் பெட்டியை மாற்ற வேண்டும்.

செயற்கைக்கோள்? துணைக்கு நல்லது. அதையே முழுக்க நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 பிப்ரவரி 24 சாட்சி. உக்ரைன் போர் தொடங்கிய அன்று ஒரு செயற்கைக்கோள் வலையின் தரைக்கருவிகள் இணையத் தாக்குதலில் முடங்கின. எங்கோ ஜெர்மனியிலும் அதைச் சுற்றிலும் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கவனிக்க முடியாமல் போனது. காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்க்கக் கண் இல்லை. ஃபைபர் எங்களுக்கு மிகவும் பிடித்தது. முடிந்த இடத்திலெல்லாம் போடுகிறோம். ஆனால் விநியோக வலையில் அது போவதும் அதே கம்பத்தில்தான். கம்பம் சாயும்போது மின்கம்பியோடு ஃபைபரும் சேர்ந்து விழும், சரியாக அது தேவைப்படும் நேரத்தில்.

சரி, அலைக்கற்றை வேண்டும் என்றால் ஏன் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே? மேலே நிறைய இடம் இருக்கிறதே? வெட்டவெளிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரி ஆன்டெனா, ஒரே தூரம் என்றால் 450 மெகாஹெர்ட்ஸில் ஒரு மடங்கு ஆற்றலோடு முடிகிற காரியத்துக்கு 3,500 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 60 மடங்கு வேண்டும். நடுவில் சுவர், மரம், மேடு வந்தால் இடைவெளி இன்னும் கூடும். எங்கள் மீட்டர்கள் நிலவறைகளில், இரும்புப் பெட்டிகளுக்குள், இரண்டு சுவர்களுக்குப் பின்னால் இருக்கின்றன. 450-ல் ஒரு கோபுரம் தட்டையான நிலத்தில் 20, 30 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும். கோபுரங்கள் குறைவு என்றால் பேட்டரி வைக்க வேண்டிய இடமும் குறைவு, புயலுக்குப் பின் டீசல் சுமந்து போக வேண்டிய இடமும் குறைவு. எங்களுக்கு வேகம் பெரிதல்ல. பிரேக்கர் நிலவரம் சொல்லச் சில பைட்டுகள் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலில், நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு வட்டாரத்தையே ஓட்டினோம். இன்று கருவிகள் பல மடங்கு, கூடவே மறையாக்கம், மென்பொருள் புதுப்பிப்பு, புகைப்படம். பழைய சேனல்கள் அதற்குத் தாங்காது. ஆனாலும் வீடியோ பார்க்கிறவரின் பசி எங்களுக்கு இல்லை.

உரிமம் வேண்டாத அலைவரிசைகளை ஏன் பயன்படுத்தவில்லை என்றும் கேட்பார்கள். பயன்படுத்துகிறோமே. லட்சக்கணக்கான மீட்டர்கள் அதில்தான் பேசுகின்றன. மாதம் ஒருமுறை கணக்கெடுக்க அது போதும். அங்கே குறுக்கீடு வந்தால் புகார் சொல்ல ஆள் கிடையாது, அவ்வளவுதான் அதன் குறை. பிரேக்கரைத் திறக்கும் ஆணையை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

உரிமம் வாங்கியிருந்தாலும் நிம்மதி நிலைக்காது என்று 2020 ஏப்ரலில் பார்த்தோம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 6 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத வைஃபை போன்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அங்கே மின் நிறுவனங்களின் மைக்ரோவேவ் இணைப்புகள் ஏற்கெனவே குடியிருந்தன. அவற்றில் பல, முன்பு 2 கிகாஹெர்ட்ஸில் இருந்து கைபேசிகளுக்காக இடம்பெயர்க்கப்பட்டு அங்கே வந்தவை. வழக்குப் போட்டார்கள், 2021 கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. வீட்டு வைஃபைக்கு ஒரே கையெழுத்தில் 1,200 கிடைத்தது. மின்தொகுப்புக்கு நான் கேட்பது அதில் இருநூறில் ஒரு பங்கு.

நீங்கள் இதுவரை செய்யாத எதையும் கேட்கவில்லை. 1906-ல் பெர்லினில் கூடிய முதல் வானொலி மாநாடே கடலில் தத்தளிக்கும் கப்பல்களுக்காகத்தான் எஸ்.ஓ.எஸ். குறியை ஏற்றுக்கொண்டது. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய இரவில், அருகில் நின்ற ஒரு கப்பலின் ரேடியோ ஆபரேட்டர் கருவியை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கப்பல்களில் இரவும் பகலும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1927-ல் வாஷிங்டனில் எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்று முதல் அட்டவணை போட்டார்கள். அன்றிலிருந்து அந்த அட்டவணையில் கப்பலுக்கு இடம் உண்டு. விமானத்துக்கு உண்டு. காவல், தீயணைப்பு, மீட்புப் பணிக்கு 2003 மாநாட்டில் தனித் தீர்மானமே போட்டீர்கள். ஐரோப்பிய ரயில்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அருகே இரு திசைக்கும் தலா 4 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். துறைமுகம், விமான நிலையம், காவல் கட்டுப்பாட்டு அறை, ரயில் சிக்னல் எல்லாமே கடைசியில் வந்து நிற்பது எங்கள் துணைமின் நிலையத்தின் வாசலில். அட்டவணையில் எங்கள் பெயருக்கு மட்டும் ஒரு கட்டம் கிடையாது.

சில நாடுகள் காத்திருக்கவில்லை. கனடா 1,800 முதல் 1,830 மெகாஹெர்ட்ஸ் வரை மின்தொகுப்பு மேலாண்மைக்கென்று குறித்து வைத்தது. ஜெர்மனி 2021 மார்ச்சில் 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2040 வரை மின், எரிவாயு, குடிநீர் போன்ற உயிர்நாடிச் சேவைகளுக்கு முன்னுரிமை தரும் வலைக்குக் கொடுத்தது. ராணுவமும் பாதுகாப்பு அமைப்புகளும் அதே அலைவரிசையைக் கேட்டு மல்லுக்கு நின்றன என்பது கூடுதல் செய்தி. நெதர்லாந்தில் மின்விநியோக நிறுவனங்களே சேர்ந்து 450-ல் வலை நடத்துகின்றன. போலந்தும் அந்த வழியில் போகிறது. அயர்லாந்தின் விநியோக நிறுவனம் 2019-ல் 400 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் தன் ஸ்மார்ட் கிரிடுக்கு இடம் பிடித்தது. அமெரிக்கா 2020 மே மாதம் 900 மெகாஹெர்ட்ஸில் மூன்றும் மூன்றுமாக 6 மெகாஹெர்ட்ஸைச் சிறு அகலப்பட்டைக்கு (பிராட்பேண்ட்) மாற்றியமைத்தது. அங்கே முதலில் வந்து நின்றவர்கள் மின் நிறுவனங்கள்தான்.

பார்த்தீர்களா, 400, 450, 900, 1,800. ஆளுக்கு ஒரு மூலை. கருவி செய்கிறவர் நான்கு வகை செய்ய வேண்டும். விலை ஏறும், சின்ன நாட்டுக்கு எட்டாது. 450 முதல் 470 வரை 2007 மாநாட்டிலேயே உலகளவில் கைபேசித் தொழில்நுட்பத்துக்கு அடையாளம் காணப்பட்ட இடம். அங்கே ஓடும் எல்.டி.இ. (4ஜி) சிப்புகள் கடையில் கிடைக்கின்றன. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கைபேசி நிறுவனங்களுக்கும் அந்த இடத்தின்மேல் அவ்வளவு ஆசை இல்லை, அவர்கள் விரும்பும் வேகத்துக்கு அது மிகவும் ஒடுக்கம்.

இனி பணம். அலைக்கற்றை ஏலம் உங்கள் நிதி அமைச்சகங்களுக்கு எப்படி இனிக்கிறது என்பது தெரிந்ததே. 2000-ல் பிரிட்டனின் 3ஜி ஏலம் 22.5 பில்லியன் பவுண்டு. 2021-ல் அமெரிக்காவில் 280 மெகாஹெர்ட்ஸுக்கு 81 பில்லியன் டாலர். அந்த அறையில் நாங்கள் போய் உட்கார்ந்தால் கையைத் தூக்க முடியாது. கைபேசி நிறுவனத்துக்கு அலைக்கற்றை என்பது விற்பனைச் சரக்கு. எங்களுக்கு அது வேலைக்கான கருவி, பிரேக்கர் மாதிரி, ஏணி மாதிரி. எங்கள் கட்டணத்தை இன்னோர் ஆணையம் நிர்ணயிக்கிறது. ஏலத்தில் நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும் நேராக மின்கட்டணச் சீட்டில் போய் உட்காரும். அரசின் ஒரு பாக்கெட்டை நிரப்ப மக்களின் இன்னொரு பாக்கெட்டில் கைவிடுவதுதான் அது. நியாயமான ஆண்டுக்கட்டணம் போடுங்கள், கொடுக்கிறோம். நேரடியாகக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்றால் ஜெர்மனி செய்தது போலப் பயன்பாட்டு நிபந்தனையோடு போட்டி வையுங்கள். அந்த நிபந்தனையை ஏற்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் வரட்டும்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். மின் நிறுவனங்கள் கையில் இருந்த அலைவரிசைகளைப் பொன்போலப் பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது. நாளில் 23 மணி நேரம் சும்மா கிடக்கும் குரல் சேனல்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமம் புதுப்பிக்க மறந்து, குறுக்கீடு வந்த பிறகு காகிதம் தேடிய கூத்தும் நடந்திருக்கிறது. அண்டை நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர மறுத்து எதிரெதிரே இரண்டு கோபுரம் கட்டியதும் உண்டு. பயன்படுத்தாத இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை உரிமத்திலேயே எழுதுங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றும் ஒரே வலையைப் பகிர வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். நான் எதிர்க்கமாட்டேன்.

தனி அலைக்கற்றை இருந்தால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் புகுந்தவர்கள் பிரேக்கர்களைத் திறந்து 2,25,000 நுகர்வோரை இருட்டில் தள்ளினார்கள். துணைமின் நிலையத்துத் தொடர்புக் கருவிகளின் உள்மென்பொருளையும் அழித்துவிட்டார்கள். புகார் எண்ணை அழைப்புகளால் நிரப்பி அதையும் அடைத்தார்கள். ஊழியர்கள் ஒவ்வொரு துணைமின் நிலையமாக நேரில் போய்க் கையால் மூடித்தான் சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள். அலைவரிசை சொந்தம் என்பதால் பூட்டு சொந்தமாகிவிடாது. ஆனால் அன்று போலக் கையால் வேலை செய்ய நேரும்போதும், ஒரு துணைமின் நிலையத்தில் நிற்கிறவர் இன்னொன்றில் நிற்கிறவரோடு பேசியாக வேண்டும்.

ஆகவே, நாட்டளவில் நீங்கள் செய்யக்கூடியது: 380 முதல் 470 மெகாஹெர்ட்ஸுக்குள் இரு திசைக்கும் 3 மெகாஹெர்ட்ஸாவது தொடர்ச்சியாகக் காலி செய்து, மின்தொகுப்புக்கு முதல் உரிமை என்று எழுதுங்கள். 20 ஆண்டுக்குக் கொடுங்கள், குறைந்த காலத்துக்குக் கொடுத்தால் யாரும் கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டமாட்டார்கள். ஒவ்வொரு தளமும் வெளி மின்சாரம் இல்லாமல் இத்தனை நாள் தாங்க வேண்டும் என்று எண்ணோடு நிபந்தனை போட்டு, ஆண்டுக்கொருமுறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஏற்கெனவே குடியிருக்கும் மைக்ரோவேவ் அலைவரிசைகளை வேறு யாருக்காவது திறப்பதாக இருந்தால், திறந்த பிறகு அல்ல, முன்பே களத்தில் அளந்து பாருங்கள். உலகளவில் பேராளர்கள் செய்யக்கூடியது: ஆளுக்கு ஒரு மூலையில் இருக்கும் இந்த அலைவரிசைகளை ஒரு பொது வட்டத்துக்குள் கொண்டுவரும் ஆய்வை அடுத்த மாநாட்டுச் சுற்றின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க 2027-லேயே குரல் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஏறாத எதுவும் நான்காண்டுக்குப் பின்வாங்கிவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் பொறியாளர்கள் யாராவது ஒரு புயல் எச்சரிக்கை நாளில் ஏதாவது ஒரு மின் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து இரவு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும். திரையில் முதல் சாம்பல் கட்டம் தோன்றும்போது அந்த அறையில் பேச்சு எப்படி நின்றுபோகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு பேசலாம், நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்தொகுப்புத் தொலைத்தொடர்புப் பொறியாளன்